தின்று பார்த்து வைத்த தட்டு

ஒரு பெரிய மனிதருக்கு நான் சோப்பு ஊட்டியிருக்கிறேன். தெரியாமல் நடந்தது என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை, அதனால் இப்போது அப்படிச் சொல்வதையும் விட்டுவிட்டேன். தின்றவர் கப்பல்களில் முப்பது வருடம் தலைமைச் சமையல்காரராக இருந்த தூத்துக்குடிக்காரர். சோப்பு, துணி துவைக்கிற மஞ்சள் பார் சோப்பு. அவர் பரீட்சகர், நான் மாணவன்.

எண்பதுகளின் தொடக்கம். பசுமலையைத் தாண்டித் திருநகர் போகிற ரோட்டில், முன்பு நெல் குடோனாக இருந்த கட்டடத்தில் ஒரு கேட்டரிங் நிலையம் நடந்துவந்தது. இரண்டு வருடப் படிப்பு. முடித்தால் மெட்ராஸில் பெரிய ஹோட்டல், அதிர்ஷ்டம் இருந்தால் கப்பல் என்று நோட்டீஸில் போட்டிருந்தார்கள். கப்பல் என்ற அந்த ஒரு வார்த்தைக்காக நான் சேர்ந்தேன். வைகையில் தண்ணீர் வந்தாலே வேடிக்கை பார்க்க ஓடுகிற ஊர்க்காரன் வேறு எதற்கு மயங்குவான்?

பாடத்திட்டத்தை யாரோ வெளிநாட்டில் உட்கார்ந்து எழுதியிருந்தார்கள். அதில் பதினோராவது செய்முறை இது: பலவகை சீஸ்களையும் பதப்படுத்திய இறைச்சிகளையும் ஒரே தட்டில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் பொருத்தமான ஒயினைச் சொல்ல வேண்டும். மதுரையில் அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்த சீஸ் தகர டப்பாவில் வருகிற ஒரே ரகம். நிலையத்துக்கு வருடத்துக்கு ஒரு டப்பா வாங்குவார்கள். ஹாம், சலாமி எல்லாம் புத்தகப் படத்தில் பார்த்ததோடு சரி. மதுவிலக்கு எடுத்துக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. சட்டம் மாறினாலும் எங்கள் நிலையத்து முதல்வர் மாறவில்லை. கேட்டுக்குள் ஒரு சொட்டு வரக் கூடாது என்பது அவர் உத்தரவு.

பாடம் நடத்திய சார் இதற்கெல்லாம் அசரவில்லை. எதற்கும் அவரிடம் ஒரு மாற்று இருந்தது. மஞ்சள் பார் சோப்பைச் சாய்வாக வெட்டினால் ஒரு சீஸ், வெள்ளைக் குளியல் சோப்பை வட்டமாகச் செதுக்கினால் இன்னொரு சீஸ். பீட்ரூட்டை வேகவைத்து மெலிதாகச் சீவினால் சலாமி. நன்னாரி சர்பத் சிவப்பு ஒயின், தண்ணீர் விட்ட டீ டிகாஷன் வெள்ளை ஒயின். வாடை தெரியாமலிருக்க சோப்பின் மேல் வெண்ணெய் தடவுவோம். பளபளப்பும் கூடும். வருகிற பரீட்சகர்கள் யாரும் எதையும் வாயில் வைப்பதில்லை. எட்ட நின்று பார்ப்பார்கள், தலையாட்டுவார்கள், மார்க் போடுவார்கள், மீனாட்சி கோயிலுக்குப் போக வண்டி கேட்பார்கள். எந்த சீஸுக்கு எந்த ஒயின் என்பதை நாங்கள் வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்துப் பழகியிருந்தோம். ஈரெட்டுப் பதினாறு என்று சொல்ல ருசி தெரிய வேண்டுமா என்ன?

அந்த ஐப்பசியில் நடந்த செய்முறைப் பரீட்சையில் சீட்டுக் குலுக்கியபோது எனக்குப் பதினோராவது விழுந்தது. சார் என் பக்கத்தில் வந்து, முன் வரிசையில் டப்பா சீஸை வை, பின் வரிசையை சோப்பால் நிரப்பு, தப்பித் தவறிப் பரீட்சகர் எடுத்துத் தின்றாலும் முன்னால் இருப்பதைத்தான் எடுப்பார் என்று ரகசியம் சொல்லிவிட்டுப் போனார். நானும் அப்படியே அடுக்கினேன். உண்மையைச் சொன்னால் அழகாகவே அடுக்கினேன்.

பரீட்சகர் கட்டையான மனிதர். இரண்டு கையிலும் அடுப்புச் சூட்டுத் தழும்புகள். தட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தவர், அதுவரை எந்தப் பரீட்சகரும் செய்யாத ஒன்றைச் செய்தார். தட்டைத் தன் பக்கமாகத் திருப்பினார். பின் வரிசை முன் வரிசையாயிற்று. ஒரு மஞ்சள் துண்டை எடுத்து வாயில் போட்டு நிதானமாக மென்றார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. வாயைக் கொப்பளிக்க நன்னாரி ஒயினை ஒரு மடக்கு எடுத்துக்கொண்டார், அது நுரையைக் கிளப்பிவிட்டது. உதட்டோரம் வெள்ளையாக நுரை தள்ள அவர் என்னைப் பார்த்தார். எனக்கு அங்கேயே தரையில் புதைந்துவிடலாம் போலிருந்தது. கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"இத நீ தின்னு பாத்தியா தம்பி?"

"இல்ல சார்."

"நீ திங்காதத எனக்கு எதுக்கு வச்ச?"

கத்தியிருந்தால் பரவாயில்லை. ரொம்ப மெதுவாகக் கேட்டார். பூஜ்யம் போட்டுவிட்டு அடுத்த மேஜைக்குப் போய்விட்டார்.

அன்றிலிருந்து என் பெயர் சோப்பு. கூடப் படித்தவர்களில் எனக்கு நெருக்கமானவன் கீழவாசல் பக்கத்து சௌராஷ்டிரா வீட்டுப் பிள்ளை, வீட்டில் பட்டுத்தறி. அவனுக்கு எளிதான சூப் விழுந்து பாஸாகி, டவுனில் ஒரு ஹோட்டலில் வேலைக்கும் சேர்ந்துவிட்டான். அவனே என்னை வழியில் பார்த்தால், "என்ன சோப்பு மாப்ள, நொர அடங்குச்சா?" என்று கேட்பான். வேறு யாராவது கேட்டிருந்தால் கை நீண்டிருக்கும். அவன் கேட்டால் சிரிப்பு வந்து தொலைக்கும்.

வீட்டில் சிரிப்பு இல்லை. வாடிப்பட்டிக்கு வடக்கே, சிறுமலை அடிவாரத்தில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் பன்னீர் திராட்சைத் தோட்டம். எச்சில் தட்டு எடுக்கப் போகிறவனுக்கு எதற்கு இரண்டு வருடப் படிப்பு என்று அப்பா ஆரம்பத்திலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தவர். நான் தோற்றதைக் கேட்டுக்கொண்டு, பந்தலை அண்ணாந்து பார்த்தபடியே சொன்னார்:

"சித்திரையில இன்னொருக்காப் போயி எழுது. அதுலயும் போச்சுன்னா கவாத்துக்கு வந்து சேந்துரு. இனிமே வெளியாளு வைக்கிறதா இல்ல."

அறுப்பு முடிந்ததும் கொடிகளை வெட்டிவிடுகிற வேலைதான் கவாத்து. கவாத்துக்கு நின்றவன் அடுத்த அறுப்புக்கும் நிற்க வேண்டும், அறுப்புக்கு நின்றவன் அடுத்த கவாத்துக்கும் நிற்க வேண்டும். எங்கள் பக்கத்தில் பலருடைய ஆயுசு இப்படியே பந்தலுக்கடியில் போயிருக்கிறது. அதில் கேவலம் ஒன்றுமில்லை. ஆனால் எனக்குக் கப்பல் வேண்டும்.

தவறிய செய்முறையையே மறுபடி செய்ய வேண்டும் என்பது விதி. அதே பதினொன்று. பரீட்சகரும் அவர்தான் வருவார் என்றார்கள். முதல் மாதம் அவர் மேல் கோபமாக இருந்தேன். இரண்டாவது மாதம் சார் மேல். அதன் பிறகு கோபப்பட ஆள் கிடைக்காமல் என் மேலேயே வந்து நின்றது. காலையில் குளிக்க சோப்பைக் கையில் எடுத்தால் அவருடைய கேள்வி ஞாபகம் வரும். ஒருநாள் ஈரத் தலையோடு நின்று ஒரு முடிவு எடுத்தேன். நான் தின்னாத எதுவும் இனி என் தட்டில் இருக்காது.

முதல் விடை தோட்டத்திலேயே கிடைத்தது. மாசி மாதம் ஒரு மத்தியானம், பந்தலுக்கடியில் உட்கார்ந்து கம்பங்கூழ் குடித்துக்கொண்டிருந்தோம். தொட்டுக்கொள்ள அம்மா போட்ட உப்புக்கண்டம். ஆட்டுக்கறியை உப்பும் மஞ்சளும் மிளகாயும் பூண்டும் புரட்டி, நூலில் கோத்துக் காயவைத்து, வேண்டும்போது தணலில் வாட்டித் தட்டிக்கொள்வது. ஒரு கடி கடித்துவிட்டு, அப்பாவின் கை தானாக மேலே போய் இரண்டு திராட்சையைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டது. அம்மாவும் அப்படியே. பார்த்தால் என் கையும் மேலேதான் இருந்தது. உப்பு நாக்கைப் பிடித்து இழுக்க, திராட்சை அதைச் சமாதானப்படுத்தியது. உப்பான இறைச்சிக்கு இனிப்பான ஒயின் என்று நான் வாய்ப்பாடாக ஒப்பித்த பாடம் இத்தனை வருடமாக என் தலைக்கு மேலே கொத்துக் கொத்தாகத் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. எனக்கு என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. சந்தோஷத்தில்தான்.

பங்குனி வெயிலில் அம்மா எனக்கென்று தனியாக இரண்டு சரம் உப்புக்கண்டம் போட்டார். வாட்டிய கறிக்கு லேசாக ஆவி காட்டி, கூரான கத்தியால் குறுக்கே சீவினால் காகிதம் போல் வந்தது. அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "இம்புட்டு மெலிசாச் சீவுனா பல்லுல ஒட்டிக்கிறதுக்கா?" என்று கேட்டுவிட்டு, சீவியதில் பாதியை நின்ற இடத்திலேயே தின்று தீர்த்தார். ஆட்டு ஈரலை மிளகும் சின்ன வெங்காயமும் போட்டு நல்லெண்ணெயில் வதக்கி, அம்மியில் வெண்ணெய் மாதிரி அரைத்து, சின்ன மண்கிண்ணத்தில் அமுக்கி, மேலே நெய்யை ஊற்றி மூடினேன். புத்தகத்தில் இதற்கு வாயில் நுழையாத பிரெஞ்சுப் பெயர் ஒன்று உண்டு. அரைத்தது நான், பெயர் வைக்காமல் விட்டேன்.

சீஸுக்கு வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானலுக்கு பஸ் ஏறினேன். அங்கே மாடு வளர்த்து சீஸ் போடுகிற ஒரு வீடு இருப்பதாக ஹோட்டலில் கேட்டுச் சொன்னவன் என் நண்பன்தான். அந்த வீட்டம்மா ஒரு பெரிய சக்கரத்திலிருந்து கீற்று ஒன்றை வெட்டிக் கொடுத்தார். முதல் கடியில் துப்பிவிடலாம் என்று தோன்றியது. புளித்துப்போன தயிருக்குக் கோபம் வந்தால் எப்படியோ அப்படி. துப்பவில்லை. வெளியே கல்லில் உட்கார்ந்து, குளிரில் நடுங்கிக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்தேன். மூன்றாவது கடியில் பாலின் இனிப்பு எங்கோ அடியிலிருந்து வந்தது. கீற்று தீர்ந்தபோது இன்னொன்று கேட்கலாமா என்று திரும்பிப் பார்த்தேன். அப்போதுதான் இரண்டு வகை வாங்கிக்கொண்டு இறங்கினேன். மூன்றாவது வகையை வீட்டிலேயே செய்தேன். கெட்டித் தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு, நீர் வடிந்ததும் உப்பும் பொடித்த மிளகும் பிசைந்து உருட்டினேன்.

மிச்சம் ஒயின். டவுன் கடையில் இனிப்பான சிவப்பு ஒயின் ஒரு பாட்டில் வாங்கி, தினசரித்தாளில் சுற்றி, ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் தோட்டத்து மோட்டார் அறைக்கு நண்பனையும் வரவழைத்தேன். அவன் வீட்டில் கறி கிடையாது, அதனால் சீஸோடு அவனும் கறியோடு நானும் ஒவ்வொன்றுக்கும் ஆளுக்கொரு மடக்கு குடித்துப் பார்த்தோம். உப்புக்கண்டத்தோடு அபாரம். கொடைக்கானல் சீஸோடு நல்ல சேர்க்கை. தயிர் உருண்டையோடு குடித்ததும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் முகத்தைச் சுளித்தோம். அந்தச் சமயம் பார்த்து அப்பா வந்து வாசலில் நின்றார்.

அப்பா பாட்டிலை எடுத்து முகர்ந்தார். உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கினார்.

"பழுக்காத பழம். சீனியப் போட்டு மறச்சிருக்கான்" என்று சொல்லிவிட்டு மோட்டாரை அணைத்துவிட்டுப் போனார்.

பரீட்சைக்கு முதல் நாள், என் டிரங்குப் பெட்டி இன்னும் கிடந்த பக்கத்துத் தெரு மாணவர் விடுதிக்கு வந்து தங்கி, நிலையத்துச் சமையலறையில் ஒத்திகை பார்த்தேன். கறியைத் தொட மாட்டேன் என்று நண்பன் எட்டவே நின்று, அளக்கிற அடிக்குச்சி ஒன்றை நீட்டி நீட்டி எதை எங்கே வைப்பதென்று சொன்னான். எந்தச் சிவப்புக்குப் பக்கத்தில் எந்த மஞ்சள் எடுப்பாக இருக்கும் என்பது தறி வீட்டில் வளர்ந்தவனுக்குக் கண்ணிலேயே இருந்தது. சேலையில் ரெண்டு பக்கமும் ஒரே கரை வைத்து நெய்வதைப் போல இதையும் அடுக்கச் சொன்னான். "வட்டமா வையி மாப்ள. எந்தப் பக்கம் திருப்புனாலும் அது முகப்பா இருக்கணும்." நடுவில் ஈரல் கிண்ணம், சுற்றி உப்புக்கண்டம், அதைச் சுற்றி மூன்று சீஸ், இடையிடையே அழகர்கோயில் பக்கத்து மாவடு, ஓரத்தில் மெலிதாக வெட்டி வாட்டிய பன். திராட்சைக்கு மட்டும் இடம் விட்டோம். அது காலையில் பறித்து வர வேண்டும். ஒத்திகைத் தட்டை மிச்சமில்லாமல் நான் தின்று தீர்த்தேன், சீஸில் மட்டும் நண்பனுக்குப் பங்கு.

காலையில் திராட்சையோடு முதல் பஸ்ஸில் அப்பாவே வந்து இறங்கினார். கூடை ஒரு கையில், தோளில் ஒரு சுருள் கயிறு. கயிறு எதற்கு என்று கேட்டேன். "ஒன் டிரங்குப் பெட்டிய பஸ்ஸு மேல கட்டணும்ல" என்றார். தோற்றவனைக் கையோடு கூட்டிப் போகத் தயாராக வந்திருக்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கூடையை வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தேன். ஆனால் கேட்டில் சார் என் பையைச் சோதித்து, பாட்டில் உள்ளே வரக் கூடாது என்று சொல்லிவிட்டார். வேறு வழியில்லாமல் திரும்பிவந்து, பாட்டிலை மஞ்சள் பையில் போட்டு அப்பாவிடமே கொடுத்தேன். அவர் கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் கயிற்றுச் சுருளின் மேல் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டார்.

பரீட்சகர் என் மேஜைக்கு வந்தார். அடையாளம் தெரிந்துவிட்டது.

"இன்னைக்கு என்ன சோப்பு தம்பி?"

பக்கத்து மேஜைகளில் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அவர் போன தடவை மாதிரியே தட்டைத் தன் பக்கம் திருப்பினார். முகப்பு வந்தது. இன்னும் கொஞ்சம் திருப்பினார். அங்கேயும் முகப்பு. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஒரு துண்டு உப்புக்கண்டத்தை எடுத்தார். முதலில் முகர்ந்தார், நியாயம்தான். பிறகு கடித்தார். மெல்ல மெல்ல அவர் வாய் நின்றது, மறுபடி மென்றது. ஈரலை பன்னில் தடவித் தின்றார். மாவடுவைக் கடித்தார். சீஸை ஒவ்வொன்றாகத் தின்றார். பிறகு கை இரண்டாவது முறை உப்புக்கண்டத்துக்குப் போயிற்று.

ஒயின் எங்கே என்று கேட்டார். கேட்டுக்கு வெளியே எங்கள் அப்பா மடியில் இருக்கிறது என்றேன். சாருக்கு வியர்த்துவிட்டது. பரீட்சகர் தட்டை நீயே தூக்கிக்கொள் என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தார். நான் தட்டோடு பின்னால் நடந்தேன். எனக்குப் பின்னால் சார், அவருக்குப் பின்னால் பரீட்சைக்கு வந்த அத்தனை பேரும் வந்தார்கள். கேட்டைத் தாண்டி வேப்பமரத்தடியில் போய் நின்றோம். அப்பா எழுந்து பையை நீட்டினார்.

பரீட்சகர் உப்புக்கண்டத்தைக் கடித்து ஒயினைக் குடித்தார். பிறகு திராட்சை. கண்ணை மூடிக்கொண்டார். எதனால் இந்தச் சேர்க்கை என்று கேட்டதற்கு, பந்தலுக்கடியில் கூழ் குடிக்கும்போது எங்கள் கை மேலே போகிற கதையைச் சொன்னேன். வாய்ப்பாட்டிலிருந்து ஒரு வரிகூடச் சொல்லவில்லை. தயிர் உருண்டைக்கு என்ன ஒயின் என்றார். ஒயின் வேண்டாம், குடித்தால் முகம் சுளிக்கும், திராட்சை போதும் என்றேன். வெள்ளை ஒயின் எதற்குப் பொருந்தும் என்றார். "நான் இன்னும் குடிச்சுப் பாக்கல சார். பாத்துட்டுச் சொல்றேன்" என்றேன். சார் பின்னால் நின்று தலையில் கை வைத்துக்கொண்டது எனக்குத் தெரியும்.

பரீட்சகர் அப்பாவின் பக்கம் திரும்பி, ஒயினைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டார். அப்பாவுக்குப் பயமெல்லாம் கிடையாது. "பழுக்காத பழம் சார். சீனியப் போட்டு மறச்சிருக்கான்."

அவர் இன்னொரு மடக்கு குடித்து, நாக்கில் புரட்டிப் பார்த்தார். "அய்யா சொல்றதுதான் சரி" என்றார். பிறகு தன் கையாலேயே ஒரு பன் துண்டில் ஈரலைத் தடவி, மேலே உப்புக்கண்டத்தை வைத்து, அப்பாவிடம் நீட்டினார். அப்பா தின்றார். வாழ்க்கையில் முதல்முறையாக நான் பரிமாறிய ஒன்றை அவர் தின்றது அந்த ரோட்டோரத்தில்தான்.

பரீட்சகர் மார்க் தாளை எடுத்தார். எழுதுவதற்கு முன்னால் என்னைப் பார்த்துக் கேட்டார்:

"இதெல்லாம் நீ தின்னு பாத்தியா தம்பி?"

"நேத்து இதே மாதிரி ஒரு தட்டத் தின்னு தீத்துட்டுத்தான் சார் இன்னைக்கு ஒங்களுக்கு வச்சேன்."

அவர் எழுதியது தொண்ணூற்று நாலு. அந்த நிலையத்தில் பதினோராவது செய்முறைக்கு அதுவரை யாரும் அவ்வளவு வாங்கியதில்லை என்று சார் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார், ஏதோ அவரே சொல்லிக் கொடுத்த மாதிரி. திரியட்டும் என்று விட்டுவிட்டேன். பரீட்சகர் கையெழுத்துப் போட்டு, என்னை வேலைக்குச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி மெட்ராஸில் ஒரு பெரிய ஹோட்டலுக்குக் கடிதமும் கொடுத்தார். நண்பனுக்கு ஆள் அனுப்பிச் சொன்னதும், அவன் ஹோட்டல் யூனிஃபார்மோடு சைக்கிளில் பறந்து வந்து என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கினான். நானும் கத்தினேன். அடக்கமாக இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை, எனக்கு அன்று மதுரையே என்னுடையது.

எல்லோரும் போன பிறகு அப்பாவை பஸ் ஏற்றிவிடப் போனேன். காலிக் கூடையை வாங்கிக்கொண்டார். உப்புக்கண்டம் அம்மா போட்டது, திராட்சை தோட்டத்துது, நீ என்னத்தச் செஞ்ச என்று கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. பஸ் வந்தது. படியில் கால் வைத்தவர், தோளிலிருந்த கயிற்றை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"நீ வச்சுக்க. போற ஊர்ல துணி காயப்போட ஆகும். கவாத்துக்கு நான் ஆளு சொல்லிக்கிறேன்."